கடமானுக்கு ஆட்டுக்கணக்கு

என் வலது கட்டைவிரலுக்குத்தான் கடவுச்சீட்டு கொடுத்தார்கள் என்று வீட்டில் இப்போதும் கேலி செய்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. கண்டியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் நான் உதவியாளன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் கண்ணாடித் துண்டின்மேல் ஆண் விலங்கின் விதைக்கொட்டைத் தசையைக் கடுகளவு வைத்து, ஒரு துளி சாயம் விட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடி, நழுவாமல் கட்டைவிரலால் அழுத்திப் பரப்புவதில் எனக்கு நிகரில்லை என்பார் அங்கே ஆராய்ச்சி செய்யும் எங்கள் டொக்டர் அம்மா. அதிகம் அழுத்தினால் நொறுங்கிவிடும். குறைத்தால் குவிந்து கிடக்கும். சரியாக அழுத்தினால், உயிரணுவுக்குள் இருக்கிற குரோமோசோம்கள் நூல் துண்டுகள் போலத் தனித்தனியே விரிந்து தெரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் டொக்டர் அம்மாவை ஒரு மரை தூங்கவிடாமல் செய்தது. மரை என்று நாங்கள் சொல்வதைத்தான் திண்டுக்கல் பக்கம் கடமான் என்கிறார்கள். எங்கள் நாட்டு மரையில் ஒரு குரோமோசோம், இரண்டு துண்டுகள் முனையோடு முனை ஒட்டியது போல நீளமாக இருக்கிறது என்பது அவர் எண்ணம். இந்தியக் கடமானில் அது இரண்டாகவே நிற்கலாம். அப்படியென்றால் இங்கத்துப் பெண்ணுக்கும் அங்கத்து ஆணுக்கும் பிறந்த கடாவின் விதை விளையுமா, மலடாகுமா? இதுதான் கேள்வி.

அப்படி ஒரு கடா திண்டுக்கல் பக்கத்து அகரத்தில் இருந்தது. எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர், குட்டியாக வளர்த்த மரையை ஊருக்குக் கொண்டுபோய்த் தன் தமையனிடம் விட்டிருந்தார். தமையன் சவரிமுத்து, ஓய்வு பெற்ற வாத்தியார். அவர் தோப்பில் சிறுமலையில் பிடித்த ஆண் ஒன்றும் வளர்ந்தது. அந்த இரண்டுக்கும் பிறந்தது ‘ராசா’. தாயும் தகப்பனும் இப்போது இல்லை. கூட இரண்டு சிறுமலைப் பெட்டைகள் மட்டும் வளர்ந்தன. தம்பி சொல்லி அம்மாவின் தேடலை அறிந்திருந்த வாத்தியார் எழுதிய கடிதம் ஒரு நாள் வந்தது: ‘ராசா மலடு என்று தெரிந்துவிட்டது. காயடிக்கப் போகிறோம். விதை தேவையென்றால் ஆள் அனுப்பவும்.’ அம்மாவுக்குக் காலில் மாவுக்கட்டு. எனவே நான் புறப்பட்டேன். கடல் கடந்தது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை திண்டுக்கல்லில் இறங்கியபோது ஆடிக்காற்று என்னைக் கையோடு பிடித்துக் கொண்டுபோவது போல வீசியது. கண்டியில் காற்று ஈரமாக வரும். இங்கே மண்ணாக வந்தது. ரயில் நிலையத்து வாசலில் ஒரு கான்ஸ்டபிள் என் பையைத் தட்டினார். உள்ளே இரண்டு போத்தல்கள். ஒன்றில் ஸ்பிரிட், மற்றதில் காடி மணக்கும் அசிற்றிக் அமிலம்.

“மதுவிலக்கு அமல்ல இருக்குன்னு தெரியாதா?”

அம்மாவின் கடிதத்தை நீட்டினேன். அவர் கடிதத்தைப் படிக்காமல் போத்தலைத் திறந்து நன்றாக மூச்சை இழுத்தார். திறந்தது அமிலப் போத்தல். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“ஏய்யா, சிலோன்ல இதையா குடிக்கிறீங்க?”

“இல்லை ஐயா. இரண்டையும் கலந்து அதில ஒரு பொருளை ஊற வைக்கிறது.”

“என்ன பொருள்?”

சொன்னேன். அவர் இரண்டு விரலால் போத்தலைப் பிடித்துப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற சகாவிடம், “ஏலே, இந்தாள விட்டுரு. காலங்காத்தால நமக்கெதுக்கு” என்றார்.

அன்றைக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் பிரியாணி தின்றேன். சீரகம் போலப் பொடியான அரிசி, மிளகுக் காரம், எலும்போடு ஆட்டுக்கறி. இரண்டாம் முறை கேட்க வெட்கப்பட்டு எழுந்துவிட்டேன். இரவு விடுதியில் படுத்துக்கொண்டு அந்த வெட்கத்துக்காக என்னையே திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அந்த வெட்கம் என்னை வேடசந்தூர் வரைக்கும் இழுத்துப் போனது. தாடிக்கொம்பில் இறங்கி அகரத்துக்கு நடக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் ஏறியதோ நூல் ஆலைக்காரர்களின் பஸ். வழியில் எங்கும் நிற்காதாம். ஏறியவுடனே இரண்டு பெண்கள் மூக்கைப் பிடித்தார்கள்.

“யாருடீ ஊறுகாய கொண்டாந்தது?”

“அந்தா, பையக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவருதான். பொண்டாட்டி குடுத்துவிட்டது போல.”

பஸ் முழுவதும் சிரித்தது. ஜன்னலுக்கு வெளியே தாடிக்கொம்புக் கோபுரம் வந்தது, போனது. ‘நிறுத்துங்கோ’ என்ற சொல் தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. வேடசந்தூரில் ஆலை வாசலில் இறக்கிவிட்டபோது நடத்துனர் தலையில் அடித்துக்கொண்டார். “தாடிக்கொம்புன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா நிப்பாட்டியிருக்க மாட்டேனா? வாய எங்கய்யா வச்சிட்டு வந்தீரு?” ஆலைக் காவல்காரர் ஒரு செம்பு மோர் கொடுத்து, திரும்பிப் போகிற பஸ்ஸில் தன் கையாலேயே ஏற்றி விட்டார்.

அகரத்துத் தோப்பில் எனக்கு வரவேற்பு பலமாக இருந்தது. வாத்தியார் குள்ளமான, கலகலப்பான மனிதர். கழுத்தில் செபமாலை, தோளில் துண்டு. “வாங்க சிலோன் சார்” என்று கூப்பிட்டவர் கடைசி வரை என் பெயரைக் கேட்கவே இல்லை. மான்களைப் பார்த்துக்கொள்பவள் வெள்ளையம்மா, நாற்பது வயதிருக்கும். இடுப்பில் பெரிய சாவி. மான் அடைப்பின் கதவில் ஒரு தேங்காய் அளவு திண்டுக்கல் பூட்டு.

சிறுமலை வாழைப்பழத்தைத் தோலோடு மென்றுகொண்டு ராசா வந்தது. கருத்த உடம்பு, கழுத்தில் அடர்ந்த மயிர். நான் தலையைப் பார்த்தேன். கொம்பு முழுவதும் மெல்லிய மயிர்த்தோல் மூடியிருந்தது.

“பாத்தீங்களா, கொம்பு எம்புட்டு ஒசரம்!” என்றார் வாத்தியார்.

உயரம்தான். ஆனால் அம்மா என் குறிப்புப் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: கொம்பு காய்ந்து தோல் உரிந்திருக்கும் காலத்தில்தான் விதை முழு வேலை செய்யும். கொம்பு தோலோடு வளரும் காலத்தில் அது அரைத்தூக்கத்தில் இருக்கும். இப்போது வெட்டினால் அம்மாவுக்கு வேண்டிய ஒன்றும் அதில் இராது. கடாவுக்கும் எல்லாம் முடிந்துபோகும். அதன் கொம்பு பிறகு ஒருபோதும் காயாது.

“மலடு எண்டு எப்படிக் கண்டனீங்கள்?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“நம்ம மொக்கைச்சாமி சொல்லிட்டான். வெள்ளையம்மாவோட அண்ணன். அய்யலூர் பக்கம் அவன் கை படாத கிடா இல்ல. கார்த்திகை பொறந்த நாலாம் நாளு இது ரெண்டு பொட்டையோடயும் சேந்துச்சு. என் கண்ணாலயே பாத்தேன். அஞ்சு மாசத்துல குட்டி வரணும்ல? சித்திர போச்சு, வைகாசி போச்சு, ஆனி போச்சு. கொம்பும் விழுந்து மொளைக்கிது, பொட்டப் பக்கம் திரும்பவே மாட்டேங்குது. போன கார்த்திகையில மதம் புடிச்சு ஒரு ஆளக் குத்தித் தள்ளுச்சு. குட்டியும் போடாது, குத்தவும் செய்யும்னா எதுக்கு? காயடிச்சா சாதுவாயிரும்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் ஆட்டுக் கணக்கில் கடமானை எண்ணியிருக்கிறார்கள். ஆட்டுக்கு ஐந்து மாதம். கிடா வருஷம் முழுக்கக் கிடாதான். கடமான் எட்டு மாதம் சுமக்கும். எங்கள் கூடத்துக்குப் பின்னால் வளர்ந்த மரைகளின் தேதிகளைப் புத்தகத்தில் எழுதி வந்தவனே நான்தான். கார்த்திகை நாலு என்றால் ஆடி நாலு. அன்று ஆடி ஒன்று.

இவ்வளவும் தெரிந்தும் நான் சொன்னது என்ன? “அது… கொஞ்சம் நாள் செல்லும் போல” என்றேன். காற்றில் அது காதில் விழாத வாத்தியார், “வெள்ளிக்கிழமை மொக்கைச்சாமி வாரான். நீங்க போத்தல ரெடியா வச்சிக்கங்க” என்றார்.

வெள்ளையம்மா மட்டும் என்னை உற்றுப் பார்த்தாள்.

புதன்கிழமை தபால் நிலையத்துக்குப் போய் அம்மாவுக்குத் தந்தி அடித்தேன்: ‘கொம்பு தோலோடு. வெள்ளி வெட்டுகிறார்கள். என்ன செய்ய?’ நேரில் பேச வாய் வராதவனுக்குத் தந்தி மிகவும் வசதி.

பகல் சாப்பாடு வாத்தியார் வீட்டில். சுற்றிலும் தென்னை நிற்கிறது, ஆனால் குழம்பில் பால் பிழிந்து ஊற்ற மாட்டார்கள். எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் இல்லாமல் சொதி இல்லை. “வெஞ்சனம் போதுமா?” என்று வாத்தியாரின் மனைவி கேட்டபோது முழித்தேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதாம். அவர் என் முழியைப் பார்த்து இன்னும் இரண்டு கரண்டி கத்தரிக்காய் வைத்தார். வெட்கத்தால் கிடைத்த ஒரே இலாபம் அது.

வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்கு வாத்தியார் என்னைக் கூட்டிப்போனார். கண்ணுக்கெட்டும் தூரம் ஆடு. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வாயால் ஒரு சொல் இல்லை. எனக்கு ஏற்ற வியாபாரம் என்று நினைத்துக்கொண்டேன். மொக்கைச்சாமி ஐம்பதைக் கடந்தவர், கை இரண்டும் மரக்கட்டை போல. ஒரு கிடாயின் பின்னங்காலுக்கிடையே கையை விட்டு, வானத்தைப் பார்த்து, “நல்ல காய்” என்றார். அவ்வளவுதான், பேரம் முடிந்தது. அந்தக் கைமேல் எனக்கு மரியாதை வந்தது. பயமும் வந்தது.

“சிலோன்காரரே, நாளைக்கு உங்க போத்தலு ரொம்பிரும், கவலைய விடுங்க” என்று அவர் என் முதுகில் தட்டினார். நான் சிரித்து வைத்தேன். திரும்பும்போது ஒரு கடையில் ஆடு கட்டும் கயிறு இரண்டு துண்டு குட்டையாகவும், ஒன்று அவை இரண்டும் சேர்ந்த நீளத்துக்கும் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியாது.

வெள்ளி காலை தந்தி வந்தது. ‘உமக்குச் சரியெனப் படுவதைச் செய்யவும்.’ பதினெட்டு வருஷ வேலையில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. முதலில் கோபம்தான் வந்தது.

மொக்கைச்சாமி நான்கு ஆட்களோடும் வலையோடும் கிட்டியோடும் வந்தார். கிட்டி என்பது காயை நெரிக்கும் இரட்டைக் கம்பு. ஆனால் எனக்காக அன்றைக்கு வெட்டி எடுப்பதற்குக் கத்தியும் கொண்டுவந்திருந்தார். “தொறம்மா கதவ” என்றார் தங்கையிடம்.

வெள்ளையம்மா இடுப்பைத் தடவினாள். “சாவியக் காணோம்ணே.”

“ஏ பிள்ள, வெளையாடாத. காலைல இருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சு. இப்ப இல்ல.”

“பூட்ட ஒடைங்கடா.”

“திண்டுக்கல் பூட்ட ஒடைக்க ஒங்க அப்பன் வரணும்” என்றார் வாத்தியார், தோப்பு தன்னுடையது என்பதை மறந்து பெருமையாக. எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளையம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். அவள் எனக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. தாடிக்கொம்புக் கோபுரம் மறுபடியும் ஜன்னலில் நகர்வது போல இருந்தது. இந்த முறை விட்டால் திரும்பி வர பஸ் இல்லை.

“நிறுத்துங்கோ!” என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். தென்னையிலிருந்து காக்கைகள் பறந்தன. எல்லோரும் திரும்பினார்கள்.

“இப்ப வெட்டினா எனக்கு அது வேண்டாம். நீங்கள் எண்ணினது ஆட்டுக் கணக்கு. இது எட்டு மாதச் சீவன். கொம்பில தோல் இருக்கிற காலத்தில பெட்டைப் பக்கம் போகாது, அது நோய் இல்லை, அதின்ர வழமை. திங்கட்கிழமைக்குள்ள குட்டி வராட்டி என்னையே கட்டி வையுங்கோ.”

“சிலோன்காரருக்கு வாய் இருக்குடா!” என்றான் வலை பிடித்தவன்.

மொக்கைச்சாமி சிரிக்கவில்லை. “சரி, எட்டு மாசம்னே வச்சிக்கிருவோம். இது ரெண்டு சீமைக்கிப் பொறந்தது. கழுதைக்கும் குதிரைக்கும் பொறந்தது போடுமா குட்டி? அதுக்கென்ன சொல்றீரு?”

அதுவே டொக்டர் அம்மாவின் கேள்வி! நான் பையிலிருந்து கயிறுகளை எடுத்து மணலில் போட்டேன். நீளக் கயிறு ஒன்று. அதன் பக்கத்தில் குட்டைக் கயிறு இரண்டும் வரிசையாக.

“நீளம் தாயிட்ட இருந்து வந்தது. குட்டை ரெண்டும் தகப்பனிட்ட இருந்து. நீளத்தில இருக்கிற சாமான்தான் இந்த ரெண்டிலயும் இருக்கு, பாருங்கோ, அளவு சரி. விதையில மூன்றும் இப்படிப் பக்கம் பக்கமாச் சேர்ந்து நிக்கும். பிறகு பிரியவேணும். நீளம் ஒரு பக்கம், குட்டை ரெண்டும் மற்றப் பக்கம் போனா கணக்குச் சரி, குட்டி பிறக்கும். ஒரு குட்டை வழிமாறி நீளத்தோட போனா ஒரு பக்கம் கூடிப்போகும், மற்றப் பக்கம் குறைஞ்சுபோகும். அது தங்காது. கழுதைக்கும் குதிரைக்கும் நிறையக் கயிறு குழம்பிக் கிடக்கு. இதுக்கு ஒரு முடிச்சுத்தான்.”

மொக்கைச்சாமி குந்தி உட்கார்ந்து கயிறுகளை அவரே நகர்த்திப் பார்த்தார். நீளத்தை இந்தப் பக்கம். குட்டைகளை அந்தப் பக்கம். பிறகு ஒரு குட்டையை மாற்றி வைத்தார். தலையை ஆட்டினார்.

“அப்ப செலது தப்பும், செலது தங்கும்.”

“அப்படித்தான் அம்மா நினைக்கிறா. எத்தனை தங்கும் எண்டு பார்க்கத்தான் என்னை அனுப்பினவ.”

“பொட்டைக்கி மடி எறங்கிருக்குன்னு வைகாசியிலயிருந்து கத்துறேன்” என்று வெள்ளையம்மா வெடித்தாள். “கிட்ட வந்து பாத்தியாண்ணே நீ? ஒனக்கு ஆட்டுக்கு அஞ்சு மாசம், அதோட கணக்கு முடிஞ்சது. கிடாயவே குத்தஞ்சொல்லிக்கிட்டுத் திரியிறீக, பொட்டைய ஒருத்தரும் பாக்கல.”

மொக்கைச்சாமி எழுந்து வேலி ஓரமாக நடந்தார். பெட்டைகள் நின்ற பக்கம் போய், சற்று நேரம் குனிந்து, ஒன்றன் பின்னங்காலுக்கிடையே பார்த்தார். திரும்பி வந்தபோது கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரே, மடி விட்டிருக்கு. நாந்தான் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிட்டேன்” என்றார். அய்யலூர்ச் சந்தையில் பெயர் வாங்கிய மனிதர் நான்கு ஆட்கள் முன்னால் அப்படிச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. பிறகு தங்கையைப் பார்த்து, “இப்பயாவது சாவிய எடு, பிள்ளைத்தாச்சிக்கித் தண்ணி வைக்கணும்” என்றார். சாவி அவள் கொண்டைக்குள் இருந்தது.

சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நான் பத்து முறை வேலிக்குப் போனேன். வாத்தியார் பதினோரு முறை வந்தார்.

ஞாயிறு, ஆடி ஆறு. காலைப் பூசை முடிந்து வாத்தியார் குடும்பம் மாட்டுவண்டியில் திரும்பியபோது, வெள்ளையம்மா ஒற்றையடிப் பாதையில் முந்தானை பறக்க ஓடி வந்தாள். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. ஒரு விரலைக் காட்டினாள். நாங்கள் எல்லோரும் ஓடினோம். பூசைக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு வாத்தியாரின் மனைவியும் ஓடினார்.

நாணல் மறைவில் ஈரம் காயாத ஒரு குட்டி. நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போக, விழுந்து எழுந்து விழுந்து, மடியைத் தேடிக்கொண்டிருந்தது. ராசா தூரத்தில் நின்று வாழைப்பழம் தின்றது. தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல!

“சிறுமலைக் கடமான் எதுவும் வேலி தாண்டி வந்திருக்குமோ?” என்று வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் இழுத்தார்.

“ஆமா, சிறுமலையிலயிருந்து அகரத்துக்கு டிக்கெட் எடுத்து பஸ்ஸுல வந்துச்சு” என்றாள் வெள்ளையம்மா. “போய்யா அங்கிட்டு!”

மத்தியானம் அகரத்தில் பிரியாணி. வாத்தியார் உபயம். நான் இரண்டாம் முறை கேட்டேன், மூன்றாம் முறையும் கேட்டேன். மொக்கைச்சாமி என் பக்கத்தில் இருந்து எலும்பை உடைத்து எனக்கு வைத்தார். கார்த்திகையில் ராசாவிடம் துளியூண்டு எடுத்து ஊறவைப்பதென்று பேசி, புறப்படுமுன் போத்தல்கள் இரண்டையும் வாத்தியாரின் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். மூன்று பங்கு ஸ்பிரிட், ஒரு பங்கு அமிலம், அன்றன்றைக்குக் கலக்க வேண்டும் என்று வெள்ளையம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். குழம்புக் கரண்டியால் என்னைவிடச் சுத்தமாக அளந்தாள்.

கார்த்திகையில் ராசாவின் கொம்பு காய்ந்ததும், மொக்கைச்சாமி வலை போட்டுப் பிடிக்க, திண்டுக்கல்லிலிருந்து வந்த மிருக வைத்தியர் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு பயறளவு மட்டும் எடுத்துத் தைத்துவிட்டார். வெள்ளையம்மா கலந்து வைத்த திரவத்தில் ஊறியபடி, தேயிலைத் தோட்டத்திலிருந்த வாத்தியாரின் தம்பி கையில் அது கண்டிக்கு வந்து சேர்ந்தது. நான் சாயம் விட்டு, மூச்சை அடக்கி, கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். வில்லைக்குக் கீழே வால் முளைத்த விந்தணுக்கள் கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. கொஞ்சம் நகர்த்தினேன். அகரத்து மணலில் நான் போட்ட மாதிரியே, நீளம் ஒன்று, பக்கத்தில் குட்டை இரண்டு.

“ஏலே, வந்துட்டான்!” என்று அகரத்துப் பேச்சிலேயே கத்தினேன். டொக்டர் அம்மாவின் பேனா கீழே விழுந்தது.

அவர் வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை என் பக்கம் தள்ளி, “நீர் இதில இருந்து எழுதும்” என்றார். கண்ணாடித் துண்டில் பெயர் எழுதுவது எப்போதும் அவர் வேலை. அடுத்த சுற்றில் சினைப்பட்டிருந்த இரண்டாவது பெட்டையும் ஆவணியில் ஈன்றுவிட்டதாக வெள்ளையம்மா எழுதச் சொல்லி வந்த கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. நான் உட்கார்ந்து, சின்ன எழுத்தில் எழுதினேன்:

ராசா, அகரம். இரண்டு குட்டிகளின் தகப்பன்.